மலைப் பக்கம் திருப்பிய குழாய்

அன்பு மகள் கமலாவுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது வந்த நாளிலிருந்து உன் அம்மா ரசத்தில் உப்புப் போட மறக்கிறாள், கேட்டால் என் மேல் பாய்கிறாள். மற்றதை நீயே ஊகித்துக்கொள். பயிற்சிப் பள்ளியில் தேறிவிட்டாய். பச்சைமலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலைக்கு உத்தரவும் வந்துவிட்டது. அதே வாரத்தில் உன் உறையூர் மாமா புத்தூரிலிருந்து ஒரு நல்ல இடத்தையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். மலைக்கெல்லாம் பெண்ணை அனுப்ப முடியாது, வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டால் தை மாதமே முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே செய்றேன்பா" என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினேன். எதிர்க்கடை சைக்கிள்காரர் யாருக்கு என்ன ஆச்சு என்று ஓடிவந்து விசாரித்தார். நான் பகலில் கடை சாத்தி அவர் பார்த்ததில்லை.

உன் கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்கு முன் தையல்நாயகி அம்மாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவர் பெயரை நீ வீட்டில் கேட்டிருக்கிறாய். ஆயுத பூஜையன்று ஆம்ப்ளிபயருக்குப் பொட்டு வைத்ததும் அந்த அம்மாள் வீட்டுக்குப் பழத்தட்டு அனுப்புவதைப் பார்த்திருக்கிறாய். யார், எதற்கு என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நம் தொழில் உனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், கட்சிக் கூட்டம் என்று எங்கே ஜனம் கூடினாலும் அங்கே நம் மைக் செட் இருக்கும். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திருச்சிக்கு வந்து மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு மைக் செட் முதலாளியிடம் பேட்டரி தூக்கினேன். செத்துப்போனது என்று அவர் மூலையில் போட்டிருந்த ஆம்ப்ளிபயரைக் கேட்டு வாங்கி, ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரின் பின்னாலேயே அலைந்து அதற்கு உயிர் கொடுத்து, அதை வைத்துக்கொண்டு தனிக்கடை போட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பேச்சைக் கேட்டு மனம் மாறுகிற ஆள் நான் இல்லை என்று சொல்ல வருகிறேன். பேச்சு என்றால் எனக்குச் சத்தம், அவ்வளவுதான். எந்த ஊர்ப் பெரிய பேச்சாளராக இருந்தாலும் என் காது, ஸ்பீக்கர் இரைகிறதா, பேட்டரி தாங்குமா என்பதில்தான் இருக்கும். மைக்கின் கழுத்தைக் கோழியைப் பிடிப்பது போலப் பிடிக்கிறவர், வாயை ஒட்டவைத்துக்கொண்டு எச்சில் தெறிக்கிறவர், ஊதிப் பார்க்கிறவர், தட்டிப் பார்க்கிறவர் என்றுதான் நான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்தேன். அவர்களும் என்னை ஆளாகப் பார்த்ததில்லை. "ஏய் மைக்கு, சத்தத்தைக் கூட்டு" என்பார்கள். ஊரில் என் பெயர் அதுதான்.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலுக்கு அப்பால் இருந்த ஒரு திடலில் வாசகசாலைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். நீ அப்போது பாவாடையை இழுத்துக்கொண்டு தெருவில் ஓடித் திரிகிற வயது. செயலாளர் ஒரு வக்கீல் ஐயங்கார். வழக்கம்போல இரண்டு குழாய்க்கு வாடகை பேசியிருந்தார். மரத்தின் உச்சியில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கரைத்தான் நாங்கள் குழாய் என்போம். ஒரு குழாய் நாற்காலி போட்டிருக்கிற பெரிய மனிதர்களைப் பார்க்க வேண்டும், இன்னொன்று போகிற வருகிறவர்கள் அசந்துபோகும்படி பெரிய தெருவைப் பார்க்க வேண்டும். எல்லா மைக் செட்காரர்களும் அப்படித்தான் கட்டுவோம். திடலின் பின்பக்கம் ஒரு மதில். மதிலுக்கு அந்தண்டை தெருக் கூட்டுகிறவர்களின் குடிசைகள். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

வேப்பமரத்தில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு அம்மாள் வந்து நின்றார். வெள்ளை நூல் புடவை, கையில் துணிப்பை, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்த புழுதி காலெல்லாம். யாரோ ஒரு பெண், தன் பிள்ளையைத் தேடிக்கொண்டு வந்தவர் என்று நினைத்தேன்.

"தம்பி, உங்க பேர் என்ன?" என்றார்.

மரத்தின் மேலிருந்தே சொன்னேன். என் பெயரை ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த மதில் பக்கம் ஏன் குழாய் இல்லை?"

"அந்தப் பக்கம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா."

"கேக்க மாட்டாங்கன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"அம்மா, ரெண்டு குழாய்க்குத்தான் பேசியிருக்கு. செயலாளர் ஐயா சொல்லாம நான் எதையும் மாத்த முடியாதுங்க. பேச வர்ற அம்மா வந்தா அவங்ககிட்ட கேளுங்க."

"பேச வந்தவளே நான்தான்" என்று சிரித்தார். "நாற்காலியப் பாக்கிற குழாயை மதில் பக்கம் திருப்புங்க தம்பி. நாற்காலிக்காரங்களுக்கு நான் தொண்டையாலே சொல்லிக்கிறேன்."

நான் வியாபாரி. வாடகை கொடுப்பவர் வக்கீல், இவர் வெறும் பேச்சாளர். ஆனால் அந்த அம்மாள் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, நீங்க வாங்க போட்டு ஒருவர் கேட்கும்போது முடியாது என்பது எனக்குப் பழக்கமில்லை, ஏனென்றால் அப்படி யாரும் கேட்டதே இல்லை. திருப்பிவிட்டேன்.

வக்கீல் ஐயங்கார் வந்ததும் கண்ணில் பட்டது அதுதான். "என்ன ஓய், குழாய் நம்ம பக்கம் பாக்காம சுவத்தப் பாக்கறதே? பெரியவா எல்லாம் இங்கன்னா உக்காந்திருக்கா!" என்றார். நான் அந்த அம்மாளைக் காட்டினேன். அந்த அம்மாள் அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். வக்கீல் கொஞ்ச நேரம் மதிலைப் பார்த்தார், பெரியவர்களைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் மதிலோரம் போட்டு உட்கார்ந்தார். "அடியேனுக்குக் காது மந்தம், குழாய் இருக்கற எடந்தான் சரி" என்று அறிவித்துவிட்டார். அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதைதான்.

"எல்லாருக்கும் கேக்குதா?" என்று ஆரம்பித்தார் தையல்நாயகி அம்மாள். முன்வரிசையில் ஒருவர் கேட்கவில்லை என்றார். "கொஞ்சம் காதைத் தீட்டிக்குங்க ஐயா. இத்தனை நாளா அந்தப் பக்கத்துக்காரங்க தீட்டிக்கிட்டு இருந்தாங்க" என்று மதிலைக் காட்டினார். அதற்குள் மதிலின் மேல் தலைகள் முளைத்திருந்தன. பெண்கள், இடுப்பில் குழந்தையோடு. பையன்கள் மதில்மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். "இந்தக் குழாயைக் கட்டின தம்பி, அந்தப் பக்கம் யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னார். அவர் மேல தப்பில்லை, நாமெல்லாம் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருக்கோம். இப்பப் பாருங்க. பள்ளிக்கூடமும் இதேதாங்க. அந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்கறோம், இந்தப் பொண்ணுக்குப் படிப்பு எதுக்குங்கறோம். ஏறுதா இல்லையான்னு தெரியணும்னா மொதல்ல அந்தப் பக்கம் திருப்பிப் பாக்கணுமில்ல? தெருக் கூட்டறவர் மகனுக்கும் வக்கீல் மகளுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே புஸ்தகம், ஒரே வாத்தியார் குடுங்க. அதுக்கப்புறம் யாருக்கு ஏறுச்சு, ஏறலைன்னு உக்காந்து பேசலாம்."

பேச்சு ரொம்ப நேரம் இல்லை. அடுக்குமொழி கிடையாது, கை உயர்த்தல் கிடையாது. ஆனால் பாப்பா, அன்றைக்குத்தான் எனக்கு ஒரு பேச்சு சத்தமாக இல்லாமல் பேச்சாகக் காதில் விழுந்தது. மூன்றாம் வகுப்பில் என்னை நிறுத்திய நாள் நினைவுக்கு வந்தது. மண்டையில் ஒன்றுமில்லை, அதனால்தான் நின்றோம் என்று அதுவரை நான் நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிபயரைப் பிரித்து மாட்டுகிறவன், நாலு ஊர் வாடகையை மனதிலேயே கூட்டுகிறவன், எனக்கு ஏறாது என்று யார் பார்த்தார்கள்? ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதானே விஷயம். வயரைச் சுற்றிக்கொண்டே அதை யோசித்தேன். கண் கொஞ்சம் கலங்கியது. புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மாள் வந்து பக்கத்தில் நின்றார். "அதென்ன தம்பி, டெஸ்ட் பண்ணும்போது ஒன், டூ, த்ரீயோட நிறுத்திடறீங்க?" என்றார். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவுதாம்மா இருக்கு" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகள் உண்டா என்றார். நான் அந்தப் பேச்சின் வேகத்தில், "பையன் பொறக்கட்டும்மா, நல்ல ஸ்கூலாப் பாத்துச் சேத்துருவேன்" என்றேன்.

"அப்ப இன்னும் பிள்ளை இல்லையா?"

"ஒரு பொண்ணு இருக்குதுங்க."

"பொறக்காத பிள்ளைக்கு ஸ்கூல் பாத்தாச்சு. பொறந்த பிள்ளை என்ன பண்ணுது?"

தெருவில் ஓடுது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். பள்ளிக்கூடம் திறந்த முதல் நாளே உன்னைக் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது அதனால்தான். உன் அம்மா அவ்வளவு தூரம் எதற்கு என்றாள். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து நானே கொண்டுபோய் விட்டேன். கொஞ்ச நாளில் ஒருநாள் கடையில் நான் மைக்கைப் பிடித்து ஒன், டூ, த்ரீ என்று நிறுத்தியதும், நீ ஸ்டூலில் ஏறி என் கையிலிருந்து பிடுங்கி ஃபோர், ஃபைவ் என்று ஆரம்பித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி ட்வென்டி வரைக்கும் போனாயே, நினைவிருக்கிறதா? சைக்கிள் கடைக்காரர் கைதட்டினார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதன்பிறகு உனக்குத் தம்பி பிறக்கவில்லையே என்று எவராவது வருத்தப்பட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அந்த அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. பென்ஷனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் இதையே பேசிவந்தார். அதற்குப் பிறகு நம் ஜில்லாவில் எங்கே பேசினாலும் மைக் செட் நான்தான். முசிறி, துறையூர் என்று சுற்றியிருக்கிறோம். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவருவார், பிறகு எந்தப் பக்கம் என்று கை காட்டுவார், நான் மரமேறுவேன். ஒரு தடவை பச்சைமலை அடிவாரத்தில் சந்தை கூடுகிற ஊரில் கூட்டம். "மலைப் பக்கம் திருப்புங்க" என்றார். சந்தைக்காரர்கள் சிரித்தார்கள். புளியமரத்தில் மலையைப் பார்த்துக் குழாயைக் கட்டினேன்.

அங்கேதான் நான் ஒரு மைக் செட்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். கூட்டம் சேர்க்கப் பாட்டுப் போடுவது எங்கள் வழக்கம். அந்த ஊரில் கரண்டு கிடையாது, கார் பேட்டரிதான். மலைக்குப் பாட்டுக் கேட்கட்டும் என்ற ஆசையில் காலையிலிருந்து ரெக்கார்டு மேல் ரெக்கார்டாகச் சுழலவிட்டேன். மேலே சரிவில் இருக்கிற முதல் ஊரில் ஜனங்கள் வெளியே வந்து பாறைமேல் நிற்பது தெரிந்தது, எனக்கு ஒரே குஷி. அந்த அம்மாள் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, குழாய் முனகியது, நின்றது. பாட்டுப் போட்டே பேட்டரியைத் தீர்த்துவிட்டிருந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மைக்கை ஒரு பக்கம் நகர்த்தினார், தொண்டையைச் செருமிக்கொண்டு வெறும் குரலில் பேசினார்.

சத்தம் நின்றதும் பாறைமேல் நின்றவர்களில் சிலர் என்ன ஆச்சு என்று பார்க்க இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒரு நடுவயதுப் பெண், தலையில் சாமை மூட்டை. பிறகு அவள் பெயர் சடைச்சி என்று தெரிந்துகொண்டேன். பேசி முடிக்கும்வரை மூட்டையை இறக்காமல் நின்று கேட்டாள். முடிந்ததும் நேராக அந்த அம்மாளிடம் கேட்டாள்:

"எல்லாருக்கும் ஒரே படிப்புன்னு சத்தம் மேல வந்திச்சு. சரி. வாத்தியாரு எப்ப வருவாரு?"

சந்தைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எவ்வளவோ கூட்டங்களில் எத்தனையோ குதர்க்கக் கேள்விகளுக்கு டக்கென்று பதில் சொன்னவர், அன்றைக்கு, "தெரியலைம்மா. கேட்டு எழுதறேன்" என்றார். பிறகு பலமுறை மனு எழுதினார். பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை வந்தது. வாத்தியார்கள் வந்தார்கள், மாறுதல் வாங்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் நடந்த அன்று திரும்பி வரும் பஸ்ஸில் நான் பேட்டரிக்காக மன்னிப்புக் கேட்டேன். "அது நின்னுதானே அவங்க இறங்கி வந்தாங்க தம்பி. குழாயிலே பேசறவகிட்ட யார் கேள்வி கேப்பா?" என்றார்.

உனக்கு உத்தரவு வந்திருப்பது அந்த மலைக்கு, அந்தக் கொட்டகைக்கு.

இது நான் கேட்டு வாங்கியது இல்லை. வாங்கியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லியிருப்பேன். உன் கடிதத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற வழியில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார் தையல்நாயகி அம்மாள். இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த மைக் டெஸ்டிங் குரலையெல்லாம் கூட்டி, "என் பொண்ணுக்குப் பச்சைமலையிலே வேலை வந்திருக்குங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து "சந்தோஷம்" என்றார். அந்த அம்மாளுக்கு அதற்குப் பிறகுதான் எட்டியது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ போறாளா, இல்லை நீங்க போகச் சொன்னீங்களா?" என்றார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சொல்லாதீங்க. கேளுங்க" என்றார்.

அதனால்தான் உன் கடைசி வரிக்கு நான் பதில் எழுதவில்லை. நான் சொல்வதைச் செய்வதற்காகவா உன்னைப் படிக்கவைத்தேன்? அதற்கு மூன்றாம் வகுப்பே போதுமே.

ஆனால் சரக்கின் குணம் தெரியாமல் நீ முடிவு செய்யக்கூடாது. ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். புத்தூர்ப் பையனை விசாரித்தேன். நல்ல பையன், தகப்பனுடைய ஜவுளிக்கடையை ஒழுங்காகப் பார்க்கிறான், கெட்ட பழக்கம் கிடையாது. அவன் தாயாரும் தன்மையானவர். மலைக்குப் போனால் இந்த இடம் கையைவிட்டுப் போகும், அதில் சந்தேகமில்லை. அடுத்து இதைப் போல வருமா என்றால், வரலாம், வராமலும் போகலாம். உன் மாமா கடைக்கு வந்து, "மச்சான், மலைக்குப் போயி கரடிக்கா பாடம் நடத்தப் போறா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டுப் போனார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பயப்படுவது உன்மேல் உள்ள பாசத்தால். நீ சின்னதில் அவர் தோளில் ஏறித்தான் தெப்பக்குளத்துக் கடைகளைப் பார்த்தாய், அதை மறக்காதே. கல்யாணம்தான் என்று முடிவு செய்தாயானால், யாரும் உன்னைக் குறைத்துப் பேச விடமாட்டேன். நாலு பக்கமும் நாலு குழாய் கட்டி உறையூரையே எழுப்பிவிடுகிறேன்.

மலை என்றால் அதன் கஷ்டமும் தெரிந்துகொள். போன வாரம் உன் அம்மாவிடம் துறையூரில் வசூல் என்று சொல்லிவிட்டு நானே போய்ப் பார்த்தேன். அடிவாரம் வரைதான் பஸ், அதுவும் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அப்புறம் நடை. மூச்சு வாங்கும், நல்ல செருப்பு வேண்டும், உன் மெல்லிசு செருப்பு ஒரு மாதம் தாங்காது. மழைக்காலத்தில் காய்ச்சல் உண்டு, கொசுவலை எடுத்துக்கொள். கொட்டகைக்குக் கூரை பரவாயில்லை, கரும்பலகை வெளுத்துவிட்டது, உள்ளே ஆடு படுத்திருந்தது. பிள்ளைகள் காலையில் மாட்டுக்குப் பின்னாலும் மரவள்ளிக் காட்டுக்கும் போய்விடுகிறார்கள். மணி அடித்துவிட்டுக் காத்திருந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். தையல்நாயகி அம்மாள் செய்தது போல முதலில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவா. எந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் இருக்கும் என்று பார். அவர்கள் பேச்சு நம் பேச்சு மாதிரி இராது, சிரித்துவிடாதே. நன்றாகப் படிக்கிற பிள்ளை முன்னால் வந்து உட்காரும், நீ சும்மா இருந்தாலே அது படித்துவிடும். கடைசியில் தூணோரம் உட்காருவதைப் பார்த்துப் பேசு. அங்கே கரண்டும் கிடையாது, மைக்கும் கிடையாது. உன் தொண்டை எட்டுகிற தூரத்தில்தான் எல்லோரும் இருப்பார்கள். உனக்குத்தான் ஸ்டூலில் ஏறின நாளிலிருந்தே தொண்டை பெரிது.

என் மனதில் என்ன இருக்கிறது என்று நீ கேட்பாய். மறைக்கத் தெரியாது எனக்கு. எனக்குக் கிடைத்தது எல்லாம், கடை, வீடு, முக்கியமாக நீ, ஒரு அம்மாள் மரத்தடியில் நின்று என் பெயரைக் கேட்டதிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பழத்தட்டு அனுப்பி அதைத் தீர்த்துவிட முடியாது என்றும் தெரியும். அதற்காக உன்னை அனுப்பித் தீர்க்க நினைப்பதும் நியாயமில்லை. நன்றி என்னுடையது, வாழ்க்கை உன்னுடையது. ரொம்ப யோசித்து இதை எழுதுகிறேன்.

மலையில் இறங்கும்போது நடந்ததை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். கொட்டகைக்குக் கீழே ஒரு வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. தலை முழுக்க நரைத்திருந்தாலும் நிற்கிற விதத்தில் அடையாளம் தெரிந்தது, சடைச்சி. அவளுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. "பாட்டுப் போட்டே பேட்டரியத் தீத்த ஆளுதான நீ?" என்றாள். ஊரே அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்குமாம். மோர் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தைப் பார்க்கவா வந்தாய் என்றாள். புதிதாக ஒரு வாத்தியாருக்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள், ஆனால் அது பெண்பிள்ளை என்றேன். எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று எனக்கு உள்ளூர பயம்.

சடைச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பொம்பளை வாத்தியாரா? நெசமாவா? ஆம்பளை வாத்தியாருங்ககிட்ட எங்க பொட்டப் புள்ளைங்கள ஆரும் அனுப்பல. இத்தினி வருசமா ஒண்ணுகூட அந்தக் கொட்டாயில கால் வைக்கல. பொம்பளையின்னா அனுப்புவாங்க. எம் பேத்திங்க இருக்குதுங்க, அடுத்த வூட்டுல இருக்குதுங்க. தங்கறதுக்கு எங்கூட்டுலயே ஒரு பக்கம் ஒழிச்சிக் குடுக்கறேன்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, அன்றைக்குச் சந்தையில் கேட்ட அதே குரலில் கேட்டாள்: "எப்ப வரும்?"

வரப்போவது என் மகள்தானா என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "கேட்டுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அடிவாரத்துப் புளியமரத்தில் நான் அன்று குழாய் கட்டிய கம்பி இன்னும் இருக்கிறது, கிளை பருத்து அதைப் பாதி விழுங்கிவிட்டது.

அதைத்தான் கேட்கிறேன் பாப்பா. நீ என்ன எழுதினாலும் அதை அப்படியே கொண்டுபோய் அவளிடம் சொல்வேன். உன் அம்மாவின் ரசத்தை உத்தேசித்தாவது சீக்கிரம் பதில் போடு.

என்றும் உன்
அப்பா